முழங்கும் அறையைப் பதிவறை ஆக்கியது: பேனல்கள், நான்கு பெட்டிகள், ஒரு கதவிடுக்கு

ஒலிநூல் பதிவுக்கென்று ஒரு சின்ன அறை கிடைத்தது. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். நான்கு பக்கமும் பூச்சுச் சுவர், கீழே டைல்ஸ், ஒரு மேசை, நாற்காலி, பாதி நிரம்பிய புத்தக அலமாரி. உள்ளே நின்று பேசினால் குரல் கம்பீரமாகத்தான் கேட்கும். பதிவு செய்து ஹெட்போனில் கேட்கும்போதுதான் சங்கதி தெரியும்: ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் ஏறுகிறது. போதாததற்கு, என் குரலில் சில இடங்கள் மட்டும் பானைக்குள் பேசியதுபோல் முழங்குகின்றன.

இவை இரண்டும் ஒரே கோளாறு அல்ல. சொல்லின் வால் நீள்வது எதிர்முழக்கம். ஒலி சுவரிலும் தரையிலும் மாறிமாறிப் பட்டு, அடங்க நேரம் எடுக்கிறது. சில சுரங்கள் மட்டும் முழங்குவது நிலை அலைகளின் வேலை, அதாவது எதிர்ச்சுவர்களுக்கிடையே பொருந்திப்போய் நின்ற இடத்திலேயே ஆடும் அலைகள்; அதைத் தீர்மானிப்பது அறையின் நீள அகல உயரம். முதலாவதற்குச் செய்யும் வைத்தியம் இரண்டாவதை அரைகுறையாகத்தான் தீர்க்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளவீடு

முதல் கருவி இரண்டு கைகள். அறை நடுவில் நின்று ஒருமுறை தட்டினால் 'ட்ர்ர்ர்' என்று ஓர் உலோக நடுக்கம் கேட்டது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடும் சத்தம் அது. சுவர்களுக்கு இடையே 3 மீட்டர். போய்வர 6 மீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 17.5 மில்லிவிநாடி, விநாடிக்கு ஏறத்தாழ 57 தட்டல்கள். அவ்வளவு வேகத்தில் வருவதைக் காது தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரு நடுக்கமாகவே எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் ஒழுங்கான அளவீடு. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வாங்கும் அளவீட்டு மைக், ஒரு ஸ்பீக்கர், லேப்டாப், 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருள். ஸ்பீக்கர் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொண்டே போகும் ஒரு தொனியை வாசிக்கும். மைக் வாங்கியதையும் ஸ்பீக்கருக்கு அனுப்பியதையும் ஒப்பிட்டு, அறையில் ஒரேயொரு சொடுக்குச் சத்தம் போட்டால் அது எப்படி அடங்கும் என்பதை மென்பொருள் கணக்கிட்டுவிடும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தேன். எந்த நிலை அலையானாலும் மூலையில் அதன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பதால் அங்கிருந்து வாசித்தால் எல்லாமே எழும்பும்.

எதிர்முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் காலம். சாதாரண அறையில் பின்னணிச் சத்தம் குறுக்கே வருவதால் 60 டெசிபல் இறக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது. அதனால் ‑5இலிருந்து ‑35 டெசிபல் வரையுள்ள சரிவை எடுத்து இரட்டிப்பாக்குவது வழக்கம். எனக்குக் கிடைத்தது: 500, 1000 ஹெர்ட்ஸில் 1.2 விநாடி, 4000 ஹெர்ட்ஸில் 0.8, 125 ஹெர்ட்ஸில் 1.3. இந்த அளவு அறையில் பேச்சைப் பதிய 0.4 விநாடி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

எவ்வளவு பஞ்சு வேண்டும்?

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் கண்டவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியர். ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை, சரிசெய்து கொடு என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். ஊர் அடங்கிய இரவு நேரங்களில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தைக் காதாலேயே குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அந்தக் குறைவில் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்றைய அலகுகளில் எழுதினால் இவ்வளவுதான்: நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் அந்த வாய்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட அலகு: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆக அது முழு உறிஞ்சல். ஒரு பொருளின் ஒரு சதுர மீட்டர், எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்பதுதான் அதன் உறிஞ்சல் எண்.

என் அறையின் கன அளவு 33.6 கன மீட்டர். 0.161 × 33.6 = 5.41. இப்போது 1.2 விநாடி என்றால், உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சல் 4.5 சதுர மீட்டர் ஜன்னல். 0.4 விநாடிக்குக் கொண்டுவர 13.5 வேண்டும். 9 சதுர மீட்டர் பற்றாக்குறை. ஒலியை உறிஞ்சும் 1.2 × 0.6 மீட்டர் பேனல் ஒன்றின் பரப்பு 0.72; அதன் உறிஞ்சல் எண்ணை ஏறக்குறைய 1 என்று வைத்தால், பன்னிரண்டு செய்தால் 8.64. கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது.

தடிமன்தான் காசு

எந்தப் பொருளால் பேனல் செய்வது என்பதில் நிறையக் குழப்பம் உலவுகிறது. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. அது மெல்லிய காகிதக் கூழ். உச்ச அதிர்வெண்களில் கொஞ்சம் வேலை செய்யும், அவ்வளவுதான். மேடுபள்ளம் பார்ப்பதற்குப் பதிவறைபோல் இருப்பதால் வந்த நம்பிக்கை. ஆப்பு வடிவ மெல்லிய ஃபோமும் ஏறக்குறைய அதே கதைதான், கூடவே தீப்பிடிக்கும் அபாயம்.

பஞ்சு போன்ற பொருள் ஒலியை எப்படி விழுங்குகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். காற்றுத் துகள்கள் இழைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும்போது உராய்வில் ஆற்றல் வெப்பமாகிறது. ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையவே முடியாது, சுவர் தடுக்கிறது. அசைவு உச்சமாக இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 25 மில்லிமீட்டர் ஃபோமுக்கு அந்தக் கால் அலைநீளம் 3430 ஹெர்ட்ஸில்தான் வருகிறது. 100 மில்லிமீட்டருக்கு 858 ஹெர்ட்ஸ். அதையே சுவரிலிருந்து இன்னும் 100 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால் 429. இந்த எண்ணுக்குக் கீழேயும் உறிஞ்சல் உடனே செத்துவிடாது, மெல்லத்தான் குறையும். முக்கியமாக, பின்னால் விடுகிற வெறும் காற்று இலவசம்.

மெல்லிய ஃபோமை அறை முழுக்க ஒட்டினால் வருவதுதான் மோசமான விளைவு: மேல் அதிர்வெண்கள் செத்துப்போய், கீழ் முழக்கம் அப்படியே நிற்கும். ஒன்றும் செய்யாத அறையைவிட அது கேட்கச் சகிக்காது.

ஆகவே 100 மில்லிமீட்டர் ராக்வூல். பாறையை உருக்கி இழையாக்கிய பலகை அது, எரியாது. வெட்ட ரொட்டிக் கத்தி போன்ற பல் வைத்த நீளக் கத்தி நன்றாக இருக்கும். இழைத் துகள் தோலில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம்.

சட்டம் செய்ய 20 மில்லிமீட்டர் மரப்பட்டை போதும். நான்கு மூலையிலும் பசையும் திருகும், பின்பக்கம் ராக்வூல் விழாமலிருக்கக் குறுக்கே கம்பி. பின்னால் பலகை அடிக்கக் கூடாது. பின்பக்கம் வழியாகவும் ஒலி உள்ளே போக வேண்டும். துணி தேர்வு சுலபம்: வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். காற்று தாராளமாக மறுபக்கம் வந்தால் எடுக்கலாம். ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சுள்ள திரைத்துணி எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். துணியை முதலில் நான்கு பக்க நடுவிலும் ஸ்டேப்ளரால் இழுத்துப் பிடித்து, பிறகு மூலைகளை நோக்கிப் போனால் சுருக்கம் விழாது.

மாட்டிய விதம்: 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களில் ஆறு. ஒரு பக்கப் பேனலுக்கு எதிரே வெறும் சுவர், வெறும் சுவருக்கு எதிரே பேனல் என்று மாற்றிமாற்றி வைத்தேன். பந்தாட்டத்தைக் கெடுக்க ஒரு பக்கம் இருந்தாலே போதுமே. இரண்டு மூலைகளில் குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. நாற்காலிக்கு நேர் மேலே கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டது இரண்டு. கூரைப் பேனலுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நல்ல ஆணிப்பிடி, ஒவ்வொரு மூலைக்கும் தனிச் சங்கிலி. தலைக்கு மேல் தொங்குவது அது.

மறுபடி அளந்தால் 500 ஹெர்ட்ஸில் 0.38 விநாடி. சபைன் கணக்கு 0.41 என்றது. இந்தச் சின்ன வேறுபாட்டுக்கும் விளக்கம் உண்டு: உறிஞ்சல் அதிகமாகும்போது சபைன் வாய்பாடு நேரத்தைக் கூட்டிச் சொல்லும். 1930இல் கார்ல் ஐரிங் கொடுத்த திருத்தத்தின்படி போட்டால் 0.37 வருகிறது. பன்னிரண்டு மரச்சட்டங்களை அடித்த பிறகு காகிதக் கணக்கும் மைக்கும் இப்படிக் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. கைதட்டினால் 'டப்' என்று நின்றுவிடுகிறது.

ஆனால் முழக்கம் போகவில்லை

125 ஹெர்ட்ஸில் 0.75 விநாடிக்குக் கீழே இறங்க மறுத்தது. ஹெட்போனில் பானைச் சத்தம் குறைந்திருந்தது, போகவில்லை.

கீழ் அதிர்வெண்ணில் அறை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஒலியியல் அறிஞர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் ஓர் எல்லை வகுத்துக் கொடுத்திருக்கிறார்: 2000 × வர்க்கமூலம் (எதிர்முழக்க நேரம் ÷ கன அளவு). என் அறைக்கு அது சுமார் 220 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே ஒலி எல்லாப் பக்கமும் கலந்து பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சராசரிக் கணக்குப் போடலாம். அதற்குக் கீழே ஒவ்வொரு நிலை அலையும் தனித்தனி ஆள், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள். அதாவது முழுக்க அந்தத் தனி ஆட்களின் எல்லைக்குள்.

கணக்கு எளிது. இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையே அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் பொருந்தினால் அங்கே ஒரு நிலை அலை. நீளவாக்கில் 42.9, 85.8, 128.6 ஹெர்ட்ஸ். அகலவாக்கில் 57.2, 114.3. உயரவாக்கில் 61.3, 122.5. இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்ததும் குற்றவாளிகள் தெரிந்துவிட்டார்கள்: 114.3, 122.5, 128.6. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், சரியாக என் குரல் புழங்கும் இடத்தில்.

இதைக் கண்ணால் பார்ப்பதுபோல் காதால் பார்க்கலாம், யாரும் செய்துபார்க்கக்கூடியது. ஸ்பீக்கரில் 114 ஹெர்ட்ஸ் தொனியை விடாமல் ஒலிக்கவிட்டு, ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி மெதுவாக நடக்க வேண்டும். சுவரோரம் சத்தம் மண்டையைத் துளைக்கும். முக்கால் மீட்டர் வந்ததும் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அறை நடுவில் மறுபடி உரக்க, 2.25 மீட்டரில் மறுபடி அமைதி. அந்த அமைதியான இடங்கள்தான் கணு. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ஒரே அறையில் இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒலி மாயமாகிறது. பாடப்புத்தகத்தில் வரைபடமாகப் படித்தவர்களுக்கு இந்த நடை ஒரு புது அனுபவமாக இருக்கும்.

இதிலிருந்தே முதல் தீர்வும் கிடைத்தது, செலவில்லாமல். நாற்காலி அறையின் நட்டநடுவில் இருந்தது. இரண்டு அரை அலைநீளங்கள் பொருந்தும் இரண்டாம் வரிசை நிலை அலைகள் அத்தனைக்கும் நடுப்புள்ளி அழுத்த உச்சம். மைக்கையும் நாற்காலியையும் பக்கச் சுவரிலிருந்து 75 சென்டிமீட்டருக்கு நகர்த்தியதும் 114 ஹெர்ட்ஸ் மைக்கில் விழுவது வெகுவாகக் குறைந்தது. நீளவாக்கில் 128.6க்கான கணுக்கள் சுவரிலிருந்து 67 சென்டிமீட்டர், 2 மீட்டர், 3.33 மீட்டரில் வருகின்றன. நாற்காலி ஏற்கெனவே நடுவான 2 மீட்டரில்தான் இருந்தது, அந்தத் திசையில் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சியது உயரவாக்கு 122.5. உட்கார்ந்து பேசுபவரின் வாய் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர், 2.8 மீட்டர் அறையில் அது கிட்டத்தட்ட நடு உயரம். கணு வேண்டுமென்றால் 70 சென்டிமீட்டர் உயரத்தில் வாயை வைத்துப் பேச வேண்டும். தரையில் படுத்துக்கொண்டு ஒலிநூல் வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

நான்கு பெட்டிகள்

ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் பிடிக்க ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி சரியான கருவி. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கலவை ஒலிக்குள் எந்தெந்தச் சுரங்கள் இருக்கின்றன என்று பிரித்துக் கேட்கப் பயன்படுத்திய உள்ளீடற்ற கோளங்களின் தத்துவம். மூடிய பெட்டி, அதற்கு ஒரு கழுத்து. கழுத்தில் உள்ள காற்று எடையாகவும் பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும் ஆடும். கழுத்தின் குறுக்குப் பரப்பு, நீளம், பெட்டியின் கன அளவு மூன்றும் சேர்ந்து அதிர்வெண்ணை முடிவு செய்யும். கழுத்தின் இரண்டு முனைகளுக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுவதால் நீளத்தைக் கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்: முன்பலகையோடு சமமாக இருக்கும் முனைக்கு ஆரத்தில் 0.85 பங்கு, பெட்டிக்குள் நீட்டியிருக்கும் முனைக்கு 0.61 பங்கு.

100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாய், 60 மில்லிமீட்டர் நீளம். திருத்தத்தோடு 133 மில்லிமீட்டர். 122.5 ஹெர்ட்ஸுக்கு 11.7 லிட்டர் பெட்டி வேண்டும். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக, உள்ளளவு 30 × 30 × 14 சென்டிமீட்டர் என்று 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் செய்தேன். குழாய் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 12.2 லிட்டர், அதாவது 120 ஹெர்ட்ஸ். ஏன் தாழ்வாக? குழாயை நறுக்கினால் அதிர்வெண் ஏறும். நறுக்கியதை ஒட்டவைக்க முடியாது. ஐந்து மில்லிமீட்டர் குறைத்தால் இலக்குக்கு வந்துவிடும்.

இணைப்புகள் அத்தனையிலும் சிலிகான் பூச வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் சுருள்வில் தளர்ந்துவிடும். சுருதி பார்க்க ஒரு சட்டை மைக்கைக் கழுத்து வழியாகப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, வெளியே ஏறுதொனியை வாசித்தேன். உள்ளே கூர்மையாக எழும் முகடுதான் பெட்டியின் சுருதி. பார்த்துப் பார்த்து உப்புத்தாளில் தேய்த்து நான்கையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

வைக்கும் இடமும் முக்கியம். பஞ்சுக்குக் காற்றின் அசைவு வேண்டும், ஒத்ததிர்விக்கு அழுத்தம் வேண்டும். உயரவாக்கு அலைக்கு அழுத்தம் உச்சமாக இருப்பது தரையிலும் கூரையிலும். ஆகவே நான்கும் தரையில், சுவரோரம்.

முதல் அளவீட்டில் 122இல் இருந்த முகடு காணாமல் போய், அதன் இரண்டு பக்கமும் இரண்டு குட்டி முகடுகள் நின்றன. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஊசல்களை ஆடவிட்டால் நடப்பதும் இதுவே. இழப்பு குறைந்த ஒத்ததிர்வி ஆற்றலை விழுங்காமல் அறையிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். குழாயின் உள்முனையில் மெல்லிய துணியை ஒற்றை மடிப்பாகக் கட்டியதும் உராய்வு கூடி, இரண்டும் கரைந்து ஒரு தாழ்ந்த மேடாக மாறின. துணி தடித்தால் ஒத்ததிர்வே செத்துவிடும். இங்கே கணக்கைவிடக் கையால் மாற்றிமாற்றிப் பார்ப்பதே வேகம். கடைசியில் முகடு 4 டெசிபல் இறங்கியது, அடங்கும் நேரம் 0.5 விநாடிக்கு வந்தது.

வெயில் ஏறினால் சுருதி மாறாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மாறும். காற்றில் ஒலிவேகம் ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. 30 டிகிரியில் 122.5 என்பது ஏறக்குறைய 125 ஆகிவிடும். ஆனால் அறையின் நிலை அலையும் அதே ஒலிவேகத்தை நம்பித்தான் இருக்கிறது, பெட்டியும் அதே விகிதத்தில்தான் நகரும். இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும்.

மேசையும் கதவும்

மேசை சின்ன விஷயம்போலத் தெரியும். மைக்குக்கு வாயிலிருந்து நேர்வழி 30 சென்டிமீட்டர், மேசையில் பட்டு வரும் வழி 60. வித்தியாசம் 30 சென்டிமீட்டர், அரை அலைநீளமாக அது அமைவது 572 ஹெர்ட்ஸில். அங்கேயும் அதன் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் நேரொலியும் தெறிப்பொலியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். குரல் மெலிந்து, குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகும். எழுத்துப் பிரதியை வைக்கச் சாய்வான கம்பித் தாங்கி ஒன்று போட்டு, மேசையை விலக்கிவிட்டேன். மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் நேரொலி 6 டெசிபல் கூடுகிறது, அறையின் பங்கு தானாகப் பின்னுக்குப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக் என்றால் நெருங்கும்போது கீழ்ச்சுரம் தடிக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவு வேறு துறை. பேனல் மாட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்று நினைப்பவர்கள் பலர், நிற்காது. உள்ளே அலையும் ஒலியை விழுங்குவது ஒன்று, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறொன்று. தடுக்க எடை வேண்டும். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் கூடுதல் தடை. ஆனால் எடைக்கு முன்னால் இடுக்கு. என் கதவின் பரப்பு 1.8 சதுர மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், அடியில் ஒரு சென்டிமீட்டர் சந்து. பரப்பில் அது 0.5 சதவீதம். கதவு இரும்பால் செய்ததாகவே இருக்கட்டும், அந்தச் சந்து ஒன்றே மொத்தத் தடையை 23 டெசிபலில் நிறுத்திவிடும். சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் தரையைத் தொடும் பட்டை. ஒரு மாலை நேர வேலை. பேனல்களைவிட இதுதான் மலிவாகப் பெரிய பலன் தந்தது என்றே சொல்வேன். லேப்டாப்பை வெளியே வைத்து நீளக் கேபிள் இழுத்ததும் விசிறிச் சத்தமும் போயிற்று.

நீளவாக்கு 42.9 ஹெர்ட்ஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. அளவீட்டு வரைபடத்தின் இடது ஓரத்தில் குன்றுபோல் நிற்கிறது. அதைப் பிடிக்க எட்டு மடங்குப் பெரிய பெட்டி வேண்டும். குரலில் அங்கே ஒன்றும் இல்லை, பதிவில் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டிருக்கிறேன். இதே அறையில் யாராவது பேஸ் கிட்டார் வாசிக்க வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.